கலத்திற்கு நடுகல் எங்கே?

கிருட்டிணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்து செல்வோர், ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகற்களைக் காணாமல் திரும்புதல் அரிது. ஆநிரை மீட்கச் சென்று அம்புபட்டு வீழ்ந்தவனுக்குக் கல். புலியொடு பொருது மாண்டவனுக்குக் கல். ஊரைக் காத்து உயிர் நீத்தவனுக்குக் கல். அவ்வளவு ஏன்? அண்டையிலுள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், தன் தலைவன் பட்ட இடத்தில் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் பல்லவர் காலத்திலேயே கல்லில் இடம் கொடுத்தனர். நன்றி மறவாமை என்பது அம்மக்களுக்கு நூலில் படித்த அறம் அன்று; கல்லில் வெட்டிய கடன்.

நாய்க்குக் கல் நட்ட அவ்வினம், தன்னை ஈராயிரம் ஆண்டு கடல்மேல் சுமந்த கலத்திற்கு என்ன செய்தது? தமிழன் கையால் கட்டப்பட்டு, தமிழன் சரக்கை ஏற்றி, தமிழன் பாய் விரித்து ஓட்டிய மரக்கலங்களுள் ஒன்றேனும், 'இதோ, ஏறிப் பார்' என்று பிள்ளைகளுக்குக் காட்டும்படி முழுமையாய்க் காத்து நிறுத்தப்பட்டுள்ளதா? மேடைதோறும் கடாரம் கொண்ட கதை முழங்குகிறது. இராசேந்திரனின் கடற்படையெடுப்பிற்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததென்று 2025-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுக்கப்பட்டது. நினைவு நாணயமும் வெளியிடப்பட்டது. நாணயம் உண்டு, முழக்கம் உண்டு, கலம் எங்கே?

அன்னபூரணி சென்ற வழி

ஈழத்து வல்வெட்டித்துறை, பாய்க்கலம் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்ற துறை. அத்துறைத் தச்சர்கள் 1930-ஆம் ஆண்டில் ஒரு கலத்தைக் கட்டினர். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம், 'அன்னபூரணி அம்மாள்' என்று பெயர். பெயர் வடசொல்லாயினும், மரத்தை அறுத்த கையும் வளைத்த கையும் பொருத்திய கையும் தமிழ்க் கைகளே. சரக்கு ஏற்றிப் பிழைக்கப் பிறந்த கலம் அது. அரசர் உலாப் போகக் கட்டிய ஓவியப் படகன்று.

சிறு பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்ற வில்லியம் ஆல்பர்ட்டு இராபின்சன் என்னும் அமெரிக்கர் அக்கலத்தைக் கண்டார். விலை கொடுத்து வாங்கினார். 'அன்னபூரணி' என்னும் பெயர் நீக்கப்பட்டது. தம் மனைவியின் பெயரால் 'புளோரன்சு சி. இராபின்சன்' என்று புதுப்பெயர் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் செங்கடல் வழியாகவும் நடுநிலக்கடல் வழியாகவும் செலுத்தி, அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடந்து, 1938 ஆகத்துத் திங்களில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு மாநிலத்துக் குளோசுட்டர்த் துறையில் நிறுத்தினர். செங்கடற்கரையில் எகிப்து நாட்டுக் குசைர் அல் கதீமிலும் பெரனிகேயிலும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றைப் பொறித்த முன்னோர் உலவிய அதே கடலில், அவற்றை அறியாமலே, அவர்தம் வழித்தோன்றல்கள் பாய் விரித்துச் சென்றனர்!

குளோசுட்டர் தானே கப்பல் கட்டும் ஊர். பாய்க்கலத்தின் நன்மை தீமையைப் பார்த்த அளவில் சொல்லவல்ல மீனவர் நிறைந்த ஊர். அவ்வூரில் வந்து நின்ற தமிழ்க்கலம், தமிழ்த் தச்சனுக்குக் கிடைத்த பட்டயம். ஆயினும் அந்தக் கலம் இன்று எத்துறையிலும் காட்சிக்கு இல்லை. கட்டிய துறையிலும் இல்லை. சென்றடைந்த துறையிலும் இல்லை. வாங்கியவர்மேல் குற்றம் சொல்லுதல் வீண். விலைக்குக் கொடுத்த பொருளை அவர் காக்கவில்லையே என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? விற்காமல் நின்ற பிற கலங்களைக் காத்தவனுக்குத்தான் உண்டு. அப்படி ஒருவனும் இல்லை.

அயலார் காத்த சரக்குக்கலம்

அதே அமெரிக்க நாட்டின் மேலைக்கரையில், சான்பிரான்சிசுகோத் துறையில், 'சி. ஏ. தயர்' என்னும் மூன்று பாய்மரச் சரக்குக்கலம் நிற்கிறது. 1895-இல் கலிபோர்னியாவில் கட்டப்பட்டது. அது போர் வென்றதில்லை, புதுநாடு கண்டதில்லை, அரசரைச் சுமந்ததில்லை. அறுத்த மரம் ஏற்றி விற்கப் போயிற்று. பின்னர் அலாசுகாவிற்கு உப்பும் ஆளும் கொண்டு போய் மீன் கொண்டு வந்தது. அதன்பின் பேரிங்குக் கடலில் மீன்பிடிக்கப் போயிற்று. 1950 வரை உழைத்தது. பிழைப்புக்காக உழைத்த எளிய மரக்கலம், அவ்வளவே.

அதனைக் கலிபோர்னிய அரசு 1957-இல் விலைக்கு வாங்கியது. பழுது நீக்கி 1963-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. 1966-இல் அது நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மரம் மீண்டும் இற்றுப்போகவே, 2004 முதல் 2007 வரை அடிமரம் தொட்டு மேல்தளம் வரை பெரும்பகுதி மரங்களை மாற்றிக் கட்டினர். பள்ளிப் பிள்ளைகள் அதன் தளத்தில் ஏறுகின்றனர். கயிற்றை இழுத்துப் பார்க்கின்றனர். தம் பாட்டனின் பாட்டன் எவ்வாறு உழைத்தான் என்பதைக் கையால் அறிகின்றனர்.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே கரையில் சியாட்டில் நகரில் 'வவோனா' என்னும் உடன்பிறப்புக் கலம் இருந்தது. 1897-இல் கட்டப்பட்டது. அதனையும் காக்க முயன்றனர், பணம் போதவில்லை, காலம் கடந்தது, 2009-இல் அதனைப் பிரித்தெடுத்தனர். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே, இன்று நாளை என்று தள்ளிப்போட்ட கலம் மண்ணாகும். தள்ளிப்போடுவதையே தொழிலாகக் கொண்ட நாட்டில் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மணி இருக்கிறது, கலம் இல்லை

நியூசீலாந்தின் தலைநகராகிய வெல்லிங்டனில், 'தெ பாப்பா' அருங்காட்சியகத்தில், உடைந்த வெண்கல மணி ஒன்று காக்கப்படுகிறது. வில்லியம் கொலன்சோ என்னும் கிறித்தவத் தொண்டர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதனைக் கண்டபோது, மாவோரி மக்கள் அதனை அடுப்பிலேற்றிக் கிழங்கு அவிக்கும் கலயமாகப் பயன்படுத்தி வந்தனர். அதன் விளிம்பில் இருந்தவை தமிழ் எழுத்துகள்! முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி அது என்பது அவ்வெழுத்துகளின் பொருள். தமிழ் முசுலிம் வணிகர் ஒருவரின் கலத்து மணி, எவ்வாறோ உலகின் தென்கோடியை அடைந்திருக்கிறது.

அடுப்பில் கிடந்த மணியை அயலான் ஒருவன் எடுத்துத் துடைத்து, படித்துப் பார்க்கச் செய்து, பொதுமக்களுக்கென வைத்தான். தமிழன் மணியைத் தமிழ் அறியாதவன் காத்தான். தமிழனோ, மணி தொங்கிய கலத்தை விறகாக்கினான். மூன்றாண்டு கடலோடி, முப்பதாண்டு கடலோடி, இறுதியில் கரையில் சாய்ந்த தோணிகளின் மரம் எங்கே போயிற்று? அடுப்பிற்குப் போயிற்று, வேலிக்குப் போயிற்று, அவற்றின் ஆணிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. தமிழ்நாட்டு விடுதலை வரலாற்றிலேயே தனியிடம் பெற்றவை வ.உ. சிதம்பரனார் வெள்ளையனுக்கு எதிராக ஓட்டிய 'காலியா', 'லாவோ' கப்பல்கள். அவர் 1908-இல் சிறைப்பட்டபின் அவையும் கைவிட்டுப் போயின. செக்கு நினைவில் நிற்கிறது. கப்பல்?

ஒசூருக்கும் கடலுக்கும் என்ன உறவு?

கடலைப் பற்றிய இக்கவலை தூத்துக்குடிக்கும் நாகைக்கும் உரியது; கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, கன்னட நாட்டின் எல்லையை ஒட்டி, பொறிகளின் இரைச்சலில் வாழும் ஒசூருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் உளர். அவர்கள் ஒருமுறை கெலவரப்பள்ளி அணைக்கரையில் நின்று பார்க்கட்டும். அங்கே தேங்கும் தென்பெண்ணை, நந்தி மலையில் பிறந்து, ஒசூரைத் தொட்டு, கிருட்டிணகிரி அணையில் தங்கி, சாத்தனூர் கடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மேட்டில் இருப்பவன் கடலுக்கு அயலான் அல்லன். ஆறு அறிந்த உறவை ஆள் மறந்தான், அவ்வளவே. இன்று அவ்வாற்றில் பெங்களூர்க் கழிவு நுரை பொங்கி வருவதும் அம்மறதியின் இன்னொரு முகம்.

இரும்பின் உறவும் உண்டு. அம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுக்கு முன் இரும்பை உருக்கிய மண் அது. மரக்கலத்தின் பலகையை வங்கோடு பிணைப்பதும் இரும்பாணியே. மலைநாட்டுக் கொல்லனும் கடல்நாட்டுத் தச்சனும் ஒரே தொழிலின் இரு கைகள்.

அந்த மண்ணில் 1970-களில் சிப்காட்டுத் தொழிற்பேட்டை தோன்றியது. 1980-களில் சரக்குந்தும் ஈருருளியும் கைக்கடிகாரமும் அங்கே செய்யப்பட்டன. இன்று மின்னணுப் பொருள்களும் மின்னூர்திகளும் செய்யப்படுகின்றன. தருமபுரியினின்று பிரிந்து 2004-இல் தனி மாவட்டம் ஆயிற்று கிருட்டிணகிரி. 2019-இல் மாநகராட்சி ஆயிற்று ஒசூர். வளர்ச்சி மகிழத்தக்கது. ஆனால் அங்கே திருகாணி முதல் உருளைவரை, பொறியின் எந்த உறுப்பிற்குத் தொழிலாளி தமிழ்ப் பெயர் சொல்கிறான்? பயிற்சி நூல் ஆங்கிலம். எச்சரிக்கைப் பலகை ஆங்கிலம். பொறியின் மேல் ஒட்டிய தாள் ஆங்கிலம். கையால் செய்வது தமிழன். வாயால் சொல்வது அயற்சொல்.

சொல் செத்தால் தொழில் அயலாகும்

மரக்கலமோ அப்படியன்று. அதன் அடிமரம் ஏரா, விலா எலும்புபோல் வளைந்து நிற்பவை வங்குகள், முகப்பு அணியம், பின்புறம் அமரம், பாய் தாங்கும் குறுக்குக்கழி பருமல், பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான், நடுவே எழுவது கூம்பு, ஓட்டுபவன் மீகாமன், கடற்கரையார் வழக்கில் தண்டயல். எழுத்தறியாத் தச்சன் பள்ளி காணாமலே இச்சொற்களால் ஒரு கப்பலை முழுவதும் எண்ணினான்; எண்ணியதைக் கட்டினான். அவனுக்கு வரைபடம் இல்லை. அவன் வரைபடம் அவன் சொற்களில் இருந்தது.

நங்கூரம், சுக்கான், மாலுமி என்னும் சொற்கள் பாரசீக, அரபுக் கரைகளிலிருந்து வந்தவை என்று அறிஞர் கூறுவர். இருக்கட்டும். கடலோடி கொடுத்தும் கொண்டும் வாழ்பவன். தமிழன் கொடுத்த 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்று இன்றும் வழங்குகிறது. தன் சொல்லை வைத்துக்கொண்டு பிறர் சொல்லில் ஒன்றிரண்டு கொள்வது வணிகம். தன் சொல்லை எல்லாம் எறிந்துவிட்டுப் பிறர் சொல்லையே கொள்வது அடிமைத்தனம். தோணித் துறையில் நிகழ்ந்தது முன்னது. தொழிற்பேட்டையில் நிகழ்வது பின்னது.

இதனாலேயே மரக்கலத்தைக் காப்பது வெறும் பழம்பெருமைப் பேச்சன்று. தமிழில் பொறியியல் இயலுமா என்று இகழ்வோர்க்கு, ஏராவும் வங்கும் பருமலும் ஒவ்வொன்றாய்ச் சுட்டிக் காட்டக்கூடிய ஒரு முழுக்கலமே விடை. ஊர்தியின் அடிச்சட்டத்தை 'சேசிசு' என்று சொல்லும் இளைஞன், அதற்கு நேரான 'ஏரா' தன் மொழியில் உண்டென்று எங்கே கண்டு கொள்வான்? அகரமுதலியின் மூலையிலா? கலம் கண்முன் நின்றாலன்றோ சொல் வாயில் நிற்கும்!

ஒசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் கலந்து வாழ்கின்றனர். அவர்களுள் எவர் மொழியோடும் இவ்வழக்கிற்குப் பகையில்லை. தெலுங்குத் தொழிலாளியின் பொறிச்சொல்லும் ஆங்கிலமே. கன்னடத் தொழிலாளியின் பொறிச்சொல்லும் ஆங்கிலமே. மூவரும் இழந்தவர்கள். இழந்ததை முதலில் உணர்பவன் முதலில் மீள்வான்.

தடை சொல்வார்க்கு விடை

மரம் இற்றுப்போகும், காப்பதற்குப் பெரும்பணம் வேண்டும் என்பர். உண்மையே. உப்புநீர் கலத்து மரத்தைக் காக்கும், மழைநீர்தான் அரிக்கும். எனவே கரையேற்றிய கலத்திற்குக் கூரை வேண்டும். ஆண்டுதோறும் பழுது பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? தச்சன். கலத்தைக் காப்பதென்பது தச்சனுக்கு வேலை கொடுப்பதே. 'தயர்' கலத்தின் பெரும்பகுதி மரம் புதிதென்றால், அங்கே உண்மையில் காக்கப்பட்டது மரமன்று. மரத்தைப் பொருத்தத் தெரிந்த கைத்திறன். சிலைக்கும் வளைவுக்கும் மணிமண்டபத்திற்கும் பணம் கிடைக்கும் நாட்டில், ஒரு கூரைக்கும் நான்கு தச்சர் கூலிக்கும் பணம் இல்லை என்பது எவ்வகை நயன்?

இந்திய நடுவணரசு இவற்றைச் செய்யாதா என்பர். குசராத்தின் உலோத்தலில் கடல்சார் மரபு வளாகத்திற்கு 2024-இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அசந்தா குகை ஓவியத்தைப் பார்த்து, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய 'கௌண்டின்யா' என்னும் பாய்க்கலம் 2025 மே திங்களில் கார்வார்த் துறையில் கடற்படையிற் சேர்க்கப்பட்டது. அதன் பலகைகளைத் தைத்தவர் கேரளத்துத் தச்சர். முயற்சி பாராட்டத்தக்கது, பொறாமைக்கு இடமில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. சுவரோவியத்தைப் பார்த்துக் கலம் கட்ட ஓர் அரசால் முடியுமென்றால், உயிரோடு இருக்கும் தச்சனைப் பார்த்துக் கலம் காக்க இன்னோர் அரசால் ஏன் முடியாது? கேட்பவனுக்கே கிடைக்கும். தமிழகம் கேட்டதா?

தமிழர் விழாவில் கலம் இல்லை என்றால், அது தில்லியின் குற்றம் மட்டுமன்று. தில்லியைத் திட்டிவிட்டு உறங்கப் போகும் தமிழனின் குற்றமும் ஆகும்.

நடுகல் வேண்டா, நிழல் வேண்டும்

நடுகல் மாண்டவனுக்கு நடுவது. தோணி இன்னும் மாளவில்லை. கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் காய்கறியும் கட்டடப் பொருளும் ஏற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணி மரபு, பாயோடு பொறியும் பூண்டு, இந்நூற்றாண்டிலும் உயிர் தாங்கி நிற்கிறது. இரும்புக் கப்பலும் சரக்குப் பெட்டகமும் அதன் பிழைப்பை ஒவ்வொரு நாளும் குறைக்கின்றன. தச்சர் மக்கள் தச்சராக விரும்புவதில்லை. கூலிக்கு உள்நாட்டுத் தொழிற்பேட்டைகளை நாடுகின்றனர். ஏரா இடத் தெரிந்த கை, திருகாணி முடுக்கப் போகிறது. ஈழத்து வல்வெட்டித்துறையின் கலத்தொழிலைப் போர்க்காலம் முடக்கியது. இக்கரையில் போர் இல்லை. போர் செய்யும் வேலையைப் புறக்கணிப்பே செய்து கொண்டிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது: உழைத்து ஓய்ந்த தோணி ஒன்றைத் தமிழக அரசு உரிய விலை கொடுத்து வாங்கி, தூத்துக்குடிப் பழந்துறையில் கூரையிட்டு நிறுத்தி, பிள்ளைகள் ஏறி இறங்கிக் காணும்படி செய்தல் வேண்டும். அதன் ஒவ்வோர் உறுப்பின் மேலும் அதன் தமிழ்ப்பெயர் பொறிக்கப்படல் வேண்டும். அதைக் கட்டிய தச்சர் குடியினரே அதன் காப்பாளராதல் வேண்டும். கடலைக் காணாத அலுவலர் அல்லர்.

இரண்டாவது: முதிய தச்சர், தண்டயல் ஆகியோர் வாய்ச்சொற்களை, அவர்கள் இருக்கும்போதே, தமிழ்ப் பல்கலைக்கழகமும் கல்லூரித் தமிழ்த்துறைகளும் துறைதோறும் சென்று ஒலியோடும் படத்தோடும் திரட்டுதல் வேண்டும். ஒரு கிழவர் சாவது ஒரு சுவடி எரிவதற்கு நேர்.

மூன்றாவது: அச்சொற்களைத் தொழிற்பயிற்சிப் பள்ளிகளுக்குக் கொண்டு வருதல் வேண்டும். ஒசூரிலும் கிருட்டிணகிரியிலும் பொறித்தொழில் கற்கும் இளைஞருக்குத் தமிழில் பயிற்சி நூல் வேண்டும். அந்நூலின் முதற்பாடம், மரக்கலம் கட்டிய தமிழனின் அளவும் சொல்லும் ஆதல் வேண்டும்.

அதுவரை அரசை எதிர்பாராமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை மைசூர் அரண்மனைக்கும் பெங்களூர்ப் பூங்காவிற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எல்லைப்புறப் பள்ளிகள், ஒருமுறை தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்லட்டும். ஏரிக்கரை நடுகல்லைத் தொட்டு வளர்ந்த பிள்ளை, தோணியின் அணியத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். இரும்பு நாற்றமும் எண்ணெய் நாற்றமும் அறிந்த மூக்கு, மரமும் உப்பும் கலந்த மணத்தை அறியட்டும். 'இதைக் கட்டியவன் என் மொழி பேசினான். என் மொழியிலேயே இதை எண்ணினான்' என்று அப்பிள்ளை ஒருமுறை உணர்ந்துவிட்டால் போதும். எந்தத் தொழிற்சாலையின் வாயிலிலும் அவன் நா கூசி நிற்க மாட்டான்.

அன்னபூரணி திரும்பி வர மாட்டாள். முகையதீன் வக்குசின் மணியும் வெல்லிங்டனிலிருந்து எழுந்து வராது. சிதம்பரனாரின் கப்பலும் மீளாது. மீட்க முடியாதவற்றிற்கு அழுவது மகளிர்க்கும் மைந்தர்க்கும் பொதுவான இயல்பு. காக்க முடிந்ததைக் காவாமல் விட்டுப் பிறகு அழுவது மட்டும் எவர்க்கும் அழகன்று. தூத்துக்குடித் துறையில் தோணி இன்னும் மிதக்கிறது. அதற்கு நடுகல் தேட வேண்டிய நாள் வருமுன் தமிழர் எழுவாராக!